காம்பஸில் ஒரு பொட்டு

என் கட்டில் இப்போது ஓர் ஆள் நீளம், முக்கால் ஆள் அகலம். புரண்டு படுத்தால் மூக்கு பலகையில் இடிக்கும். தலைமாட்டில் ஒரு மூட்டை வெங்காயம், கால்மாட்டில் மிதவைச் சட்டை. பலகைக்கு அந்தப் பக்கம் கடல். காதை வைத்தால் சளக் சளக் என்று கேட்கும். இந்த இடத்துக்காக நான் என் மகனோடு போட்ட சண்டை இருக்கிறதே, சொத்துக்காகக்கூட யாரும் அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள். ஜெயித்துவிட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் தட்டுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

படகு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆட்கள். பால் வெட்டித்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தேன். மகள் கல்யாணமாகி டுரியான் துங்காலில் இருக்கிறாள். மகன் இஞ்சின் வேலை கற்றுக்கொண்டு ஜோகூரில் ஒரு கப்பல் பட்டறையில் பல வருஷம் இருந்தான். எங்கள் ஊரில் ரயில்தான் உண்டு, கடல் கிடையாது. அவனுக்குக் கப்பல் ஆசை எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ. சிம்பாங் அம்பாட்டில் வீடு பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றி, மலாக்கா ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு படகுப் பட்டறையில் கொண்டுபோய் இறக்கினான். அங்கே கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்திய ஒரு பாய்மரப் படகு. யாரோ வெள்ளைக்காரக் கிழவர் விட்டுவிட்டுப் போனதாம். மேலே புல் முளைத்திருந்தது. உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது.

"வீடு வாங்கறேன்னு சொன்னியேடா?" என்றேன்.

"இதுவும் வீடுதாம்மா. நகர்ற வீடு."

மருமகள் பிடிபிடியென்று பிடிக்கப் போகிறாள் என்று ஆவலாகக் காத்திருந்தேன். அவள் ரவிக்கை தைக்கிறவள். புலாவ் செபாங் கடைத்தெருவில் அவளிடம் துணி கொடுத்தால் தீபாவளிக்கு முந்தின நாள்தான் கைக்கு வரும், அவ்வளவு கூட்டம். அவள் என்ன செய்தாள் தெரியுமா? கிழிந்து கிடந்த பாயின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"தையல் பூரா வெயில்ல செத்துப் போச்சுங்க. துணி நல்லாத்தான் இருக்கு. நானே தச்சிருவேன்."

இது ரெண்டும் ஒரே கிறுக்கு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாய் என்றால் நம் வீட்டுக் கூடத்தில் விரிக்கிற அளவா? பொது மண்டபத்தைக் கேட்டு வாங்கி, பேட்மிண்டன் கோட்டுக்கு மேலே விரித்து, மெஷினைத் தரையில் வைத்து, மருமகள் நடுவில் உட்கார்ந்து தைத்தாள். நானும் பேத்தியும் ஆளுக்கொரு பக்கம் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தோம். பேட்மிண்டன் ஆட வந்த பையன்கள் எட்டிப் பார்த்து, "என்னாக்கா, யானைக்கு ரவிக்கையா?" என்று கேட்டார்கள். "ஆமாடா, உங்க வீட்டுக்குத்தான். அளவு எடுக்க வரேன் போங்கடா" என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

திட்டம் இதுதான். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் படகிலேயே குடியிருந்து அதைச் சரிசெய்வது. வருஷக் கடைசியில் காற்று திரும்பியதும் லங்காவி, அங்கிருந்து இலங்கை, மாலத்தீவு, பிறகு ஆப்பிரிக்கா. பேத்திக்குப் பத்து வயசு, பாடமெல்லாம் கம்ப்யூட்டரில். சரி, எனக்கு? எனக்கு டுரியான் துங்காலில் மகள் வீட்டில் ஏர்கோன் போட்ட அறை தயார். படகு கிளம்புகிற வரைக்கும் கூட இருந்து சமைத்துப் போட்டுவிட்டு அங்கே போய்விட வேண்டும். அண்ணனும் தங்கையும் என்னைக் கேட்காமலே பேசி முடித்துவிட்டார்கள்.

"நானும் வரேன்" என்றேன்.

"ம்மா, நாலு பேருதான் படுக்க முடியும். நாலாவது எடத்துக்கு என் கூட்டாளிய கேட்டிருக்கேன்."

கூட்டாளி என்றால் ஜோகூர் பட்டறையில் இவனோடு வேலை செய்த சீனப் பிள்ளை. தோட்டத்தில் வளர்ந்தவன், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். எனக்கு அவன் மேல் கோபமில்லை. ஆனால் என் இடம்.

"அவன் வந்து என்னா பண்ணுவான்? ரசம் வைப்பானா?"

"சுக்கான் புடிப்பாம்மா. பகலும் ராத்திரியும் யாராவது ஒரு ஆள் புடிச்சிக்கிட்டே இருக்கணும். நாங்க ரெண்டு பேரே மாத்தி மாத்திப் புடிச்சா செத்துருவோம்."

"நான் புடிக்கிறேன்."

"காம்பஸ் படிக்கத் தெரியணும்மா." அதோடு அவன் பேச்சை முடித்துவிட்டான்.

அது ஒரு கண்ணாடிக் குமிழ். சாமியறையில் கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருக்கும். உள்ளே தண்ணீர் மாதிரி ஓர் எண்ணெயில் ஒரு வட்டத் தட்டு மிதக்கும். அதைச் சுற்றி எண், எழுத்து. பேத்தி என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். போன் நம்பர் என்றால் எனக்கு எந்தப் பொத்தான் எங்கே என்று விரலுக்குத் தெரியும். இது நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு எண்ணை நான் கண்டுபிடிப்பதற்குள் அது சுழன்று அந்தப் பக்கம் போய்விடும்.

"பாட்டி, அது சுத்தல. நம்மதான் சுத்தறோம். அது அப்படியே நிக்குது."

"நான் எங்கடி சுத்தறேன்? நீ நல்லா பாரு."

இப்படியே அந்தப் படிப்பு நின்று போனது.

அதற்குள் படகைத் தண்ணீரில் இறக்குகிற நாள் வந்தது. நம் வீட்டில் புது வண்டி வாங்கினால் என்ன செய்வோம்? நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தானே ரோட்டில் ஏற்றுவோம். நான் பையில் நாலு பழத்தோடு நின்றேன்.

"ம்மா, படகுக்கு ஏதும்மா சக்கரம்?" மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். படகை வார் கட்டித் தூக்கிக்கொண்டு நின்ற இயந்திரத்துக்கு நாலு பெரிய டயர், ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம். அதை ஓட்டுகிறவர் ஒரு மலாய்க்காரர். நான் பழத்தைக் காட்டியதும் சிரித்துக்கொண்டு, "போலே, போலே", தாராளமாக வைக்கலாம் என்று இறங்கி வந்து, தானே நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஒழுங்காக வைத்துக் கொடுத்தார். பச்சக் பச்சக் என்று நசுங்கியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"பாட்டி, பூஜை அந்த மெஷினுக்குத்தான் நடந்துச்சு" என்றாள் பேத்தி.

"நடக்கட்டும். நம்மள பத்திரமா எறக்கி விடறது அதுதானே."

தண்ணீரில் குடும்பம் நடத்துவது எப்படி என்று யாராவது கேட்டால், ஒண்ணுக்குப் போவதிலிருந்து தொடங்க வேண்டும். கைப்பிடியை இருபது தடவை அடித்தால்தான் கக்கூசில் தண்ணீர் போகும். முதல் வாரம் எனக்குத் தோள் வலி. அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடும். படகு சாய்ந்தாலும் சட்டி நேராக நிற்பதற்காம். அதில் தோசை சுடுவது ஒரு வித்தை. மாவை ஊற்றும்போது பக்கத்தில் பெரிய படகு போய் அலை வந்தால் தோசை இந்தோனேசியா வரைபடம் மாதிரி ஆகும். குளிப்பது ஒரு வாளியில். மழை பெய்தால் நாங்கள் பெண்கள் மூன்று பேரும் கைலியைக் கட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடுவோம். பக்கத்துப் படகில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி முதலில் பயந்தார்கள், பிறகு அவர்களும் சோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் பொட்டுச் சண்டை.

என் மருமகளுக்கு ஒரு பழக்கம். படுக்கும் முன், முகம் கழுவும் முன், நெற்றியில் இருக்கிற ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஒட்டிவிடுவாள். எந்தத் தமிழ்ப் பொம்பளைதான் செய்யவில்லை? நம் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி இருக்கும். வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. படகு சின்ன இடம். கண்ணாடி, ஜன்னல், ரேடியோ, பாய்மரத்தின் அடி, எங்கே திரும்பினாலும் சிவப்புப் புள்ளி. மகன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

ஒரு நாள் காலையில் அவன் காம்பஸ் கண்ணாடிக்குள் ஏதோ சிவப்பாக இருக்கிறது என்று பதறினான். டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே எண்ணெய் கெட்டுவிட்டதா, ஏதாவது உடைந்துவிட்டதா என்று போட்டோ எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்பினான். கூட்டாளி உடனே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"டேய், அது ஒன் பொண்டாட்டி பொட்டு லா!"

முந்தின நாள் சாயங்காலம் அவள் அங்கே சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்கிறாள். நானும் பேத்தியும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அவனுக்கு மானம் போய்விட்டது. படகு முழுக்கத் தேடித் தேடி உரித்தான்.

"இனிமே இந்தப் படகுல எங்கயும் பொட்டு ஒட்டக் கூடாது. சொல்லிட்டேன். இது கப்பல், பியூட்டி பார்லர் இல்ல."

"சரிங்க கேப்டன்" என்றாள் மருமகள். முகத்தில் ஓர் அசைவு இல்லை.

பிறகு ஒத்திகைப் பயணம். போர்ட்டிக்சன் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அது சரியாக முடிந்தால் கூட்டாளி ஜோகூரில் வேலைக்கு லீவு எழுதிக் கொடுப்பான், நான் டுரியான் துங்காலுக்குப் பெட்டி கட்டுவேன். அதுதான் ஏற்பாடு. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்று முடிவே கட்டி, மகன் என் கையில் தைலம், பிளாஸ்டிக் பை, புளிப்பு மிட்டாய் எல்லாம் கொடுத்து ஓர் ஓரமாக உட்கார வைத்தான்.

"வாந்தி வந்தா பையில எடும்மா. கீழ குனியாத. தூரத்தப் பாரு."

விடிந்ததும் கிளம்பினோம். பாய் ஏறியது. மருமகள் தைத்த பாய்! காற்று வந்து அதில் உட்கார்ந்ததும் படபடவென்று அடித்து, பிறகு சத்தமே இல்லாமல் வயிறு புடைத்து நின்றது. அவள் தையலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை முதல் அடி வைப்பதைப் பார்க்கிற முகம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் தூரத்தில் தெரிய ஆரம்பித்த பிறகுதான் மேற்கே கறுத்தது. சுமத்ரா பக்கமிருந்து வருகிற காற்று மழை. தோட்டத்தில் அது வந்தால் அன்றைக்குப் பால் வெட்டு கிடையாது, எங்களுக்குச் சந்தோஷம். கடலில் அது வேறு மாதிரி. முதலில் விளக்கு மறைந்தது, பிறகு கரை, பிறகு எதுவுமே இல்லை. நாலு பக்கமும் வெள்ளைத் திரை. படகு தூக்கித் தூக்கிப் போட்டது.

முதலில் விழுந்தவள் மருமகள். எனக்குக் கொடுத்த பையை நான் அவளிடம் கொடுத்தேன். பேத்தி கீழே போய்ச் சுருண்டாள். கடைசியில் கேப்டன். சுக்கானைப் பிடித்தபடியே ஓரத்தில் தலையை நீட்டி அவன் எடுத்த வாந்தியில் முந்தின நாள் சாப்பிட்ட மீகோரிங் நூடுல்ஸ் எல்லாம் மீனுக்குப் போனது.

எனக்கா? ஒன்றுமில்லை. முப்பது வருஷம் தோட்டத்து லாரியில், பள்ளத்திலும் மேட்டிலும், பிடிக்கக் கம்பிகூட இல்லாமல், பால் வாளியோடு நின்றுகொண்டே போனவள் நான். இது அதைவிட மெத்தென்று இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குப் பசித்தது. காலையில் கட்டிவைத்த தோசையை எடுத்துப் பிய்த்தேன்.

"ம்மா, தயவுசெஞ்சு அத மூடும்மா" என்றான் மகன்.

அப்போதுதான் அவன் பெரிய பாயை இறக்கியாக வேண்டும் என்று ஆனது. காற்று கூடிவிட்டது. அவன் முன்னால் போனால் சுக்கானை யார் பிடிப்பது? மருமகளால் தலையைத் தூக்க முடியவில்லை. இடது பக்கம் தூரத்தில் பெரிய கப்பல்கள் போகிற வழி. வலது பக்கம் பாறை. நடுவில் நேராகப் போக வேண்டும், ஆனால் பார்த்துப் போகக் கரை இல்லை.

"குடுடா இப்படி" என்று சுக்கான் கட்டையைப் பிடித்தேன்.

"காம்பஸ் பாக்கணும்மா! ஒனக்குத்தான் எண்ணு..." என்று கத்தியவன் பாதியில் நிறுத்தினான். காம்பஸைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் நெற்றியைப் பார்த்தான்.

"ஏய், அந்தப் பொட்டக் குடு."

அவள் வாந்திப் பைக்குள்ளிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்த பார்வை எனக்குச் சாகிற வரைக்கும் மறக்காது. உரித்துக் கொடுத்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்து, கொஞ்சம் வலப்பக்கமாக ஓர் இடத்தில் அதை ஒட்டினான்.

"ம்மா, உள்ள தட்டுல செவப்பா வேல் மாதிரி ஒண்ணு இருக்கு பாரு. அதுதான் வடக்கு. அந்த வேலு பொட்டுக்கு அடியிலயே இருக்கணும். வெலகினா கட்டையத் தள்ளி சரி பண்ணு. வேற எதையும் பாக்காத."

இவ்வளவுதானா? இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!

கட்டையை வலது பக்கம் தள்ளினால் படகு இடது பக்கம் போகும். முதலில் தலை சுற்றியது. பிறகு எங்கள் பழைய மாடு நினைவுக்கு வந்தது. அதன் வாலை இந்தப் பக்கம் முறுக்கினால் முகம் அந்தப் பக்கம் திரும்பும். சரி, இது வால் என்று வைத்துக்கொண்டேன். வேல் விலகும், வாலை மெதுவாகத் தள்ளுவேன், பொட்டுக்கு அடியில் வந்து நிற்கும். மறுபடி விலகும். மறுபடி. மகன் முன்னால் தவழ்ந்து போய்ப் பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் அவனைக்கூடப் பார்க்கவில்லை. முருகா, வேல் உன்னுடையது, பொட்டு என் மருமகளுடையது, நீ பார்த்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே பிடித்தேன்.

அப்போது ஓர் அலை ஏறி வந்து என் முகத்திலேயே அடித்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் பொட்டைக் காணோம்.

"பொட்டு போயிருச்சுடா!"

மகன் அங்கேயிருந்து கத்தினான். "இன்னொண்ணு குடுக்கச் சொல்லு!"

மருமகள் நெற்றி வெறுமையாக இருந்தது. படகு முழுக்க அவன் உரித்துப் போட்டாயிற்றே. அவள் முதலில் கேப்டன் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திருடி மாட்டிக்கொண்ட மாதிரி மெல்லச் சொன்னாள்:

"கக்கூஸ் கதவுக்குப் பின்னாடி பாருங்க அத்த."

பேத்தி எழுந்து சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். வரும்போது ஐந்து விரல் நுனியிலும் ஒவ்வொரு பொட்டு! "பாட்டி, இன்னும் நெறைய இருக்கு. கதவு பூரா!" கேப்டன் சொன்ன நாளிலிருந்து ஒன்றுகூட விடாமல் அங்கேதான் ஒட்டி வந்திருக்கிறாள் மகராசி. எங்கே ஒட்ட வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். வேல் நின்ற இடத்தை நான் கண்ணை எடுக்காமல் பார்த்தவளாயிற்றே. பேத்தி கைலி முனையால் கண்ணாடியைத் துடைத்தாள், நான் சொன்ன இடத்தில் ஒட்டினாள். அது போனால் அடுத்தது. அப்படியே ஓட்டினேன்.

மழை வந்த மாதிரியே சட்டென்று விலகியது. திரை தூக்கினால் எதிரே, கொஞ்சம் வலப்பக்கமாக, வெள்ளையாகக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. பாறை தள்ளி. கப்பல்கள் தள்ளி. மகன் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்து, மழைக்காக உள்ளே மூடி வைத்திருந்த டேப்லட்டை எடுத்துப் பார்த்தான். படகு போன வழி அதில் கோடாகத் தெரியுமாம். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னாடா, தப்பா?"

"நேரா வந்திருக்கும்மா" என்றான். "நான் புடிச்சதவிட நேரா."

"சரி, இப்ப தோசைய தொறக்கலாமா?"

போர்ட்டிக்சனில் நங்கூரம் போட்டதும் கூட்டாளி கூப்பிட்டான். லீவு எழுதவா என்று கேட்பதற்கு. நான் சட்டி கழுவுகிற மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"சாரி லா மச்சான்" என்றான் மகன். "நாலாவது எடத்துக்கு ஆள் கெடச்சிருச்சு."

"யாரு?"

"எங்கம்மா."

 "அம்மா காம்பஸ் படிக்கிறாங்களா?" என்று கேட்டான் கூட்டாளி.

"பொட்டு வெச்சிப் படிக்கிறாங்க" என்றான் இவன். போன் வெடித்துவிடுகிற மாதிரி அவன் சிரித்தான். ஆப்பிரிக்காவுக்கு விமானத்தில் வந்து எங்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். நல்ல பிள்ளை. வந்தால் ரசம் வைத்துக் கொடுப்பேன்.

மகள்தான் அழுதாள். "அறைக்கு ஏர்கோன் எல்லாம் போட்டு வெச்சிருக்கேனேம்மா" என்று போனில் ஒரே புலம்பல். "அத ஆஃப் பண்ணிட்டு கரண்டு பில்ல மிச்சம் புடி. திரும்பி வந்து படுத்துக்கறேன்" என்றேன். என் தைரியம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டு, ஊறுகாய் என்னென்ன வேண்டும் என்று கேட்டாள்.

போன வாரம் மலாக்கா டவுனில் நம் ஆட்கள் கடைக்குப் பயணச் சாமான் வாங்கப் போனோம். அரிசி, பருப்பு, புளி எல்லாம் எடுத்து முடித்ததும் மகன் தானே பொட்டுப் பக்கம் போய் நின்றான். பெண்கள் கூட்டத்தில் இடித்துக்கொண்டு, கல் வைத்தது வெயிலில் கண் கூசும், கறுப்பு மழையில் தெரியாது என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி, சிவப்பாகப் பார்த்துப் பார்த்து ஒரு கூடை எடுத்துவிட்டான். மருமகள் கூடையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "கேப்டன் ஆர்டர் அத்த" என்றாள், அதே முகத்தோடு.

பணம் வாங்குகிற பெண் அட்டை அட்டையாக எண்ணிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோ பொட்டா? வீட்டுல கல்யாணமா பாட்டி?"

"கல்யாணம் இல்ல தாயி. ஆப்பிரிக்கா போறோம்."

"ஏன், அங்க பொட்டு கெடைக்காதா?"

"கெடைக்கும் கெடைக்கும்" என்றேன். "போய்ச் சேரணும்ல."